எண் பொறித்த சுரிகை: வெனிசியப் பீரங்கியாளர் ஸ்டிலெட்டோ பற்றிய கருவிவாதம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இத்தாலிய நிலப்பரப்பில், சிறப்பாக வெனிசுக் குடியரசின் ஆட்சிப்பகுதியில், 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வழங்கிய 'பீரங்கியாளர் ஸ்டிலெட்டோ' என்னும் எண் பொறித்த குத்துச்சுரிகை, அருங்காட்சியக விவரக்குறிப்புகளில் பெரும்பாலும் ஓர் அளவைக் கருவியாகவே அறிமுகப்படுத்தப்படுகிறது. இக்கட்டுரை அக்கூற்றை 'கருவிவாதம்' எனப் பெயரிட்டு, அது அடுக்கும் பயன்களை வடிவியல் கணக்காலும் பீரங்கி இயக்க நடைமுறையாலும் சோதிக்கிறது. அலகின்மேல் உள்ள எண்களுக்கு இடைப்பட்ட தொலைவைக் கொண்டே ஒரு சுரிகை அளவுகோலா அன்றா என்பதைத் தீர்மானிக்க இயலும் என்றும், அத்தொலைவைப் பதிவு செய்யாத விவரக்குறிப்பு எதுவும் கருவி என்னும் சொல்லைப் பயன்படுத்த உரிமை பெறாது என்றும் வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: ஸ்டிலெட்டோ, சென்டோவென்டி, பீரங்கியாளர், கனமூல அளவுகோல், வெனிசு, பொருள்சார் பண்பாடு

முன்னுரை

நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் தொடங்கிப் பல ஐரோப்பிய, அமெரிக்க ஆயுதச் சேகரிப்புகளில் ஒருவகைச் சுரிகை இடம்பெற்றுள்ளது. மெலிந்து நீண்ட அலகு, வெட்டும் விளிம்பு இல்லை, குறுக்குவெட்டு முக்கோணம். மூன்று முகங்களுள் அகன்ற ஒன்றின்மீது குறுக்குக்கோடுகளும் அவற்றை ஒட்டி எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். பல அலகுகளில் 1, 3, 6, 9, 12, 14, 16, 20, 30, 40, 50, 60, 90, 100, 120 என்னும் வரிசை காணப்படுகிறது. சிலவற்றில் இடையே சில எண்கள் விடுபடும். இறுதி எண்ணைக் கொண்டே இதற்கு 'சென்டோவென்டி', அதாவது 'நூற்றிருபது', என்று பெயர் வழங்கியது. 'ஃபுசெட்டோ' என்பது மற்றொரு பெயர்.

இப்பெயர்கள் தமிழ் ஆய்வாளருக்குத் தனிச்சுவை உடையவை. ஸ்டிலெட்டோ என்பது இலத்தீன 'ஸ்டிலுஸ்' என்னும் சொல்வழி வந்த குறுமைப்பெயர். நம் வழக்கில் சொல்வதானால் 'சிற்றெழுத்தாணி'. ஃபுசெட்டோ சொல்லமைப்பில் 'சிறு கதிர்', அதாவது நூல் நூற்கும் கதிரின் குறுமைப்பெயர். ஆக, இக்கொலைக்கருவிக்கு அமைந்த இரு பெயர்களும் எழுதுவோர், நூற்போர் ஆகியோரின் பணிப்பொருள்களிலிருந்து பெறப்பட்டவை. மூன்றாவதோ ஓர் எண். பெயரளவிலேயே ஆயுதம் தன்னை ஆயுதமென்று சொல்லிக்கொள்ளாத நிலை இது. இந்தப் பெயர்மறைப்பு தற்செயலானதா என்னும் வினாவை இப்போதைக்கு ஒத்திவைத்து, முதலில் கருவிவாதத்தை அதன் சொந்தக் களத்திலேயே எதிர்கொள்ளலாம்.

கருவிவாதம் சொல்வது

விவரக்குறிப்புகளிலும் பொதுநிலை நூல்களிலும் திரும்பத் திரும்ப வரும் பயன்கள் ஐந்து. குண்டின் விட்டத்தை அளத்தல், பீரங்கியின் குழல்வாயை அளத்தல், குழலுள் திணிக்கப்பட்ட மருந்துப் பொதியைப் பற்றுவாய் வழியே துளைத்தல், கரி படிந்த பற்றுவாயைத் தூய்மை செய்தல், பகைவர் கைப்படவிருக்கும் பீரங்கியின் பற்றுவாயில் அலகை அறைந்து முறித்து அதை முடக்குதல். (பற்றுவாய் என்பது குழலின் அடிப்பகுதியில் மேலிருந்து உட்செல்லும் சிறுதுளை, அதில் இரஞ்சகம் இட்டுத் தீ வைப்பர். இரண்டும் பழைய தமிழ் வழக்கில் உள்ள சொற்களே. அயற்சொல்லைத் தேடும் தேவை இங்கு இல்லை.)

ஐந்தும் ஒரே வாக்கியத்தில் அடுக்கப்படும்போது அவை ஒன்றுக்கொன்று சான்றாகிவிடுகின்றன. அளவுகோல் இருப்பதால் இது பீரங்கியாளர் பொருள். பீரங்கியாளர் பொருளாதலால் பற்றுவாயைத் துளைத்திருக்கும். பற்றுவாயைத் துளைப்பதால் இது கருவி. கருவியாதலால் எண்கள் அளவுகோல். இச்சுழலை உடைப்பதற்கு ஒவ்வொரு பயனையும் பிரித்தெடுத்துத் தனியே நிறுத்த வேண்டும்.

எடையும் விட்டமும்

அலகின்மேல் உள்ள எண்கள் நீளத்தைக் குறிப்பன அல்ல. குண்டின் எடையை இராத்தலில் குறிப்பன. அக்காலப் பீரங்கிகள் தாம் எறியும் குண்டின் எடையாலேயே அறியப்பட்டன. 3 இராத்தல் பீரங்கி, 20 இராத்தல் பீரங்கி, 50 இராத்தல் பீரங்கி என்பவை பெயர்கள். நீளத்தை மட்டுமே காட்டவல்ல ஒரு கோல் எடையைக் காட்ட வேண்டுமாயின், இடையில் ஒரு கணக்கு நிகழ்ந்திருக்க வேண்டும். கோளத்தின் எடை விட்டத்தின் கனத்துக்கு நேர்விகிதம். எனவே விட்டம் எடையின் கனமூலத்துக்கு நேர்விகிதம். 8 இராத்தல் இரும்புக்குண்டின் விட்டம் 1 இராத்தல் குண்டினதைப் போல் எட்டு மடங்கன்று; இரண்டு மடங்கே. 27 இராத்தல் குண்டினது மூன்று மடங்கு.

இக்கணக்கைக் கோலில் ஏற்றும் முறை 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அறியப்பட்டிருந்தது. நூரம்பெர்க்கைச் சேர்ந்த கேயார்க் ஹார்ட்மன் 1540இல் குண்டளவுகோலை அமைத்தார் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. பதுவா வெனிசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலத்தில் அங்குப் பேராசிரியராக இருந்த கலிலியோ, 1606இல் அச்சிட்ட வடிவியல் – படைத்துறைக் கவராயக் கையேட்டில், கனமூலம் காண ஒரு கோட்டு வரிசையையும் உலோகங்களின் அடர்த்தி வேறுபாட்டைக் கணக்கிட மற்றொரு கோட்டு வரிசையையும் விளக்குகிறார். இரண்டையும் சேர்த்தால் எப்பொருளால் ஆன குண்டுக்கும் எடையிலிருந்து விட்டம் பெறலாம். ஆகவே, சுரிகையில் எண் பொறித்த கம்மியருக்குச் சரியான இடைவெளி எட்டாத அறிவாக இருந்தது என்று சொல்ல இடமில்லை. அறிவு கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. அதைப் பயன்படுத்தினாரா என்பதே வினா.

இனிக் கணக்குக்கு வருவோம். வெனிசில் இருவகை இராத்தல் வழங்கின: மெல்லிய இராத்தல் ஏறத்தாழ 301 கிராம், தடித்த இராத்தல் ஏறத்தாழ 477 கிராம். வெனிசியப் பீரங்கிக்குண்டுகள் மெல்லிய இராத்தலால் கணக்கிடப்பட்டன என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. வார்ப்பிரும்பின் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 7.2 கிராம் எனக் கொண்டால், 1 இராத்தல் குண்டின் விட்டம் ஏறத்தாழ 43 மில்லிமீட்டர். 120இன் கனமூலம் 4.93 ஆதலால் 120 இராத்தல் குண்டின் விட்டம் ஏறத்தாழ 212 மில்லிமீட்டர். தடித்த இராத்தலாயின் இவை முறையே 50, 248 என ஆகும். ஈயக்குண்டாயின் மெல்லிய இராத்தலில் 37, 183. கற்குண்டாயின் 60, 294 அளவில் அமையும்.

இவ்வெண்கள் உணர்த்தும் முதற்செய்தி எளியது. சுழியிலிருந்து 120 வரையிலான கோடு 21 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருப்பின் அது இரும்புக்குண்டின் அளவுகோலன்று. 18 சென்டிமீட்டருக்கும் குறைவாயின் ஈயத்துக்கும் ஆகாது. ஆனால் இச்சோதனையில் ஓர் ஓட்டை உண்டு. அலகின் நுனியே சுழி எனக் கொண்டால், குத்துச்சுரிகையின் நுனிதான் முதலில் தேய்வதும் முறிவதும் மீண்டும் தீட்டப்படுவதும். முந்நூறு ஆண்டு கடந்த ஓர் அலகில் சுழி இருந்த இடத்தை எவரும் உறுதியாகக் காட்ட இயலாது. இதைச் சுட்டிக்காட்டியே பிழையான அளவுகோலையும் காப்பாற்றிவிடலாம்.

எனவே, சுழியை நாடாத ஒரு சோதனை வேண்டும். அது கோடுகளுக்கு இடைப்பட்ட தொலைவுகளின் ஒப்பீடு. மெல்லிய இராத்தல் இரும்புக்குண்டுக்கு 1 முதல் 3 வரை 19 மில்லிமீட்டர். 12 முதல் 14 வரை 5. 14 முதல் 16 வரை 5க்கும் சற்றுக் குறைவு. 16 முதல் 20 வரை 8. 20 முதல் 30 வரை 17. 50 முதல் 60 வரை 10. 60 முதல் 90 வரை 24. 90 முதல் 100 வரை 7. 100 முதல் 120 வரை 12 அல்லது 13. சரியான அளவுகோலின் நடை சீரற்றது. 12, 14, 16 என்பவை நெருக்கியடித்து நிற்கும். 60க்கும் 90க்கும் இடையில் ஒரு வெற்றிடம் தோன்றும். அவ்வெற்றிடம் 14–16 இடைவெளியைப் போல் ஐந்து மடங்கினும் சற்று மிகும். இவ்விகிதம் இராத்தல் எதுவாயினும், குண்டு இரும்பாயினும் ஈயமாயினும் கல்லாயினும் மாறாது. நுனி முறிந்தாலும் மாறாது. அலகை நேர்முகமாக எடுத்த ஒரு தெளிவான ஒளிப்படமே போதும். மில்லிமீட்டர் கோல் கூடத் தேவையில்லை.

மாறாக, பதினைந்து எண்களும் சம இடைவெளியில் நிற்குமாயின் அவ்வலகு எதையும் அளக்காது. இடைவெளிகள் நுனி நோக்கிச் சீராகக் குறைந்துகொண்டே சென்றாலும் அதே முடிவுதான். இரண்டாவது வகை ஏமாற்ற வல்லது. கண்ணுக்கு அது கணக்கறிந்தவர் வேலை போலத் தோன்றும். ஆனால் எண்வரிசையே சீரற்றதாக இருக்கும்போது இடைவெளி மட்டும் சீராகக் குறைவது பிழைக்குச் சான்று. சில அலகுகளின் கோடுகள் எந்தப் பீரங்கி அளவோடும் பொருந்துவதில்லை என்பது ஆயுத வரலாற்றாளரிடையே நெடுநாளாகப் பேசப்பட்டு வருவதே. ஆயினும் பொருந்துவன எவை, பொருந்தாதன எவை என்பதை வாசகர் சரிபார்க்கும் வகையில் விவரக்குறிப்புகள் பெரும்பாலும் அமைவதில்லை. மொத்த நீளம் உண்டு, அலகின் நீளம் உண்டு, எடை உண்டு. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைப்பட்ட தொலைவு இல்லை. ஒரு பொருளை அளவுகோல் என அழைத்துவிட்டு, அதன் அளவுகளை மட்டும் விட்டுவிடும் வழக்கம் வியப்புக்குரியது.

குண்டா, குழல்வாயா?

சோதனையில் தேறிய அலகையே எடுத்துக்கொண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. குண்டை அளக்கவும் குழல்வாயை அளக்கவும் ஒரே கோல் பயன்பட்டது என்னும் கூற்று, இவ்விரண்டும் வெவ்வேறு அளவின என்பதை மறக்கிறது. குண்டு குழலுள் தடையின்றிச் செல்ல, இரண்டுக்கும் இடையே தளர்விடம் விடப்படும். 18ஆம் நூற்றாண்டுப் பிரித்தானிய வழக்கில் அது குண்டின் விட்டத்தில் இருபதில் ஒரு பங்கு. விட்டத்தில் 5 விழுக்காடு என்பது எடைக் கணக்கில் ஏறத்தாழ 16 விழுக்காடாகப் பெருகும். இவ்வளவைக் கொண்டு கணக்கிட்டால், 12 இராத்தல் குண்டுக்குரிய குழல்வாய் குண்டளவுகோலில் ஏறத்தாழ 14 எனக் காட்டும். 14க்குரியது 16 எனக் காட்டும். அதாவது, குண்டுக்காகப் பொறித்த கோலால் குழல்வாயை அளக்கும் பீரங்கியாளர் பட்டியலில் ஒரு படி மேலே ஏறிவிடுவார். அந்த அளவை நம்பி 14 இராத்தல் குண்டை எடுத்து 12 இராத்தல் குழலில் இட்டால் அது பாதியில் இறுகிக்கொள்ளும். மருந்தோடு சேராமல் இடையில் நிற்கும் குண்டு குழலையே வெடிக்கச் செய்யக்கூடும். பீரங்கியைச் சூழ நிற்போர் அனைவரும் அஞ்சிய விபத்து அது. வெனிசியத் தளர்விடம் வேறாக இருந்திருக்கலாம் என்பதால் பிழையின் அளவு மாறலாமேயன்றிப் பிழை நீங்காது. 12, 14, 16 என இவ்வளவு நெருக்கமாக நிற்கும் எண்களை ஒரே கோலில் பொறித்துவிட்டு, அது குண்டுக்கா வாய்க்கா எனக் குறிக்காமல் விடுவது அளவையியல் அறிந்தவர் செயலன்று.

இன்னொன்று. கோளத்தின் விட்டத்தை நேர்கோலால் அளக்க முயன்றவர் எவரும் அதன் இடரை அறிவர். கோலைக் குண்டின்மேல் வைத்தால் அது ஒரு புள்ளியில் மட்டுமே தொடும். குண்டை அளக்க வளைகவராயம் வேண்டும், அல்லது துளையிட்ட வளையம் வேண்டும். கவராயத்தால் விட்டத்தைக் கவர்ந்து, அதன் இரு முனைகளையும் அலகின்மேல் வைத்துப் படித்தால் மட்டுமே எண்கள் பயன்தரும். அப்படியானால் சுரிகை ஒரு முழுக்கருவியன்று. கவராயத்தோடு சேர்ந்தபோதே கருவியாகும் ஒரு பாதி. 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கருவிகளுள் குத்துவாள் வடிவில் மூடி, இரு கால்களாக விரியும் கவராயங்களும் உண்டு. அவற்றில் ஆயுதமும் அளவையும் உண்மையிலேயே ஒன்றாகின்றன. ஸ்டிலெட்டோவை அவற்றோடு ஒரே வகையில் வைத்துப் பேசுவது பொருந்தாது.

தன் பீரங்கி எத்தனை இராத்தல் குண்டு கொள்ளும் என்பதை அளந்தறிய வேண்டிய நிலையில் எந்தப் பீரங்கியாளரும் நாள்தோறும் இருந்ததில்லை என்பதையும் இங்குச் சேர்த்துக்கொள்ளலாம். கோட்டை மதிலில் பத்தாண்டு நிற்கும் பீரங்கியின் அளவு அதை இயக்குபவருக்குத் தன் பெயர் போலத் தெரியும். அளக்கும் தேவை எழுவது கைப்பற்றிய பீரங்கியிலும், கலந்துகிடக்கும் குண்டுக்குவியலிலுமே.

பற்றுவாய்ச் சோதனை

துளைத்தலும் தூர்வாரலும் பார்வைக்கு நம்பத்தக்கவை. அலகின் வடிவமே அவற்றுக்காகச் செய்தது போலிருக்கிறது. ஆனால் இங்கும் அளவுகள் பேச வேண்டும். பற்றுவாயின் விட்டம் ஐந்தாறு மில்லிமீட்டர் அளவினது. அது குழற்சுவரின் முழுத் தடிப்பையும் ஊடுருவிச் செல்கிறது. பற்றுவாய் அமைந்த இடத்தில் சுவரின் தடிப்பு ஏறத்தாழ ஒரு குழல்வாய் விட்டம் என்பது அக்கால வார்ப்புத் தொழிலின் பொதுக் கணக்கு. எனவே 20 இராத்தல் பீரங்கியில் பற்றுவாயின் ஆழம் 12 சென்டிமீட்டரை ஒட்டியும், 50 இராத்தல் பீரங்கியில் 16 சென்டிமீட்டரை ஒட்டியும், 120 இராத்தல் பீரங்கியில் 21 சென்டிமீட்டருக்கு மேலும் இருக்கும்.

அலகு 30 சென்டிமீட்டர் நீளமுடையதாய், அடியில் ஒரு சென்டிமீட்டர் அகன்று நுனிவரை நேராகக் குறுகுவதாகக் கொள்வோம். அதன் அகலம் 5 மில்லிமீட்டரை எட்டும் இடம் நுனியிலிருந்து 15 சென்டிமீட்டர். அதற்குமேல் அது பற்றுவாயுள் இறங்காது. ஆகவே சிறு பீரங்கிகளிலும் நடுத்தரப் பீரங்கிகளிலும் இச்சுரிகை மருந்தைத் தொடும். 50க்கு மேற்பட்டவற்றில் தொடாது. அலகில் பொறிக்கப்பட்ட பெரிய எண்களுக்குரிய பீரங்கிகளிலேயே அலகு பயனற்றுப்போகிறது. சற்று மெலிந்த அலகு இன்னும் சிறிது ஆழம் செல்லும். ஆனால் ஒரு மெல்லிய இரும்புக்கம்பி எல்லா ஆழமும் செல்லும், முறிந்தால் இழப்பும் இல்லை. பீரங்கியாளர்கள் பற்றுவாய்க்கெனத் தனிக்கம்பி வைத்திருந்தனர். மேலும், துளைப்பதற்குப் பொதி இருக்க வேண்டும். மருந்தை நீண்ட காம்புடைய அகப்பையால் தூளாகவே குழலுள் கொட்டும் முறையில் துளைக்க எதுவுமில்லை. அம்முறையும் இக்காலத்தில் பரவலாகவே இருந்தது.

முடக்கும் பயனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அறைவதற்கு ஆணி போதும். ஆணி இல்லாதபோது சுரிகையும் ஆகும். எந்தப் பொருளும் இக்கட்டில் எதற்கும் ஆகும். அது அப்பொருளின் பயன் ஆகாது.

எண்ணுக்கு வேறு வேலை

கருவிவாதத்துக்கு மாற்றாக ஒரு கருத்து நெடுநாளாகவே உண்டு. வெனிசும் பிற இத்தாலிய அரசுகளும் ஸ்டிலெட்டோ போன்ற மறைத்து வைக்கத்தக்க குத்தாயுதங்களை மீண்டும் மீண்டும் தடைசெய்தன. தடை திரும்பத் திரும்ப விதிக்கப்பட்டதே அது மீறப்பட்டமைக்குச் சான்று. வெனிசின் பீரங்கியாளர்கள் ஊதியம் மட்டுமே நம்பிய நிலைப்படையினர் அல்லர். பெரும்பாலோர் நகரக் கைவினைஞர். ஒரு சங்கமாக அமைந்து, குறித்த நாள்களில் பயிற்சி பெற்று, அழைத்தபோது பணிக்குச் சென்றவர்கள். வெனிசில் அச்சங்கத்தின் பலிபீடம் சாந்தா மரியா ஃபொர்மோசா தேவாலயத்தில் உள்ளது. மூத்த பால்மா அதற்கு வரைந்த புனித பார்பராவின் காலடியில் பீரங்கிகள் கிடக்கின்றன. சங்கத்தாருக்குக் கிடைத்த சலுகைகளுள் ஆயுதம் தாங்கும் உரிமையும் ஒன்று. பிறருக்குத் தடைசெய்யப்பட்டது இவர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. அந்நிலையில் எண் பொறித்த சுரிகை தொழிற்கருவி என்னும் போர்வையைப் பெறுகிறது. எண் பொறிக்காத சுரிகையோடு பிடிபடுபவர் குற்றவாளி. பொறித்த சுரிகையோடு பிடிபடுபவர் பீரங்கியாளர். பொருந்தாத கோடுகள் உடைய அலகுகள், சங்கத்தில் சேராதவர் இவ்விலக்கைத் திருடிக்கொள்ளச் செய்தவை என்பது இக்கருத்தின் நீட்சி.

இதைப் 'போர்வைவாதம்' எனலாம். கருவிவாதத்தைவிட இது கூர்மையானது என்பதில் ஐயமில்லை. தொடக்கத்தில் ஒத்திவைத்த பெயர்மறைப்பு வினாவுக்கும் இது ஒரு விடை போலத் தோன்றும். ஆனால் ஸ்டிலெட்டோ என்னும் பெயர் எண் பொறிக்காத சுரிகைக்கும் உரியது. வடிவ ஒப்புமையால் வந்தது. அதைச் சூழ்ச்சி எனக் கொள்வது மிகை. நூற்றிருபது என்னும் பெயருக்கு மட்டுமே அவ்வையம் பொருந்தும். போர்வைவாதமும் தன் வெற்றியில் சற்று விரைந்துவிடுகிறது. பொருந்தாத அளவுகோல் ஒன்று உரிமையற்றவர் கையில் இருந்தது என்று முடிவு செய்ய, உரிமையுடையவர் கையில் இருந்தவை பொருந்தின என்று முதலில் நிறுவ வேண்டும். அது நிறுவப்படவில்லை. சங்கத்தில் முறையாகப் பதிவு பெற்ற ஒரு தச்சரோ நெசவாளரோ, தம் சுரிகையின் எண்கள் கனமூலக் கணக்கில் நிற்கின்றனவா என்று கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. அவருக்கு அந்த எண்கள் அளவல்ல, அடையாளம்.

எண்வரிசையின் உள்ளமைப்பே இவ்வாசிப்புக்கு இடந்தருகிறது. 1, 3, 6, 9, 12 என மும்மடியாய்த் தொடங்கி, 14, 16, 20 எனத் திரும்பி, பத்துகளாய் ஏறி, 60இலிருந்து 90க்குத் தாவுகிறது. எந்தக் கணிதத் தொடரும் இவ்வாறு நடப்பதில்லை. வெனிசியப் பீரங்கி வகைகளைப் பார்த்தால் காரணம் விளங்கும். 3 இராத்தலுக்கு ஃபால்கனெட், 6க்கு ஃபால்கன், 12க்குச் சாக்ரோ, 14, 20, 30, 50 ஆகியவற்றுக்குக் கல்வரின் வகைகள் என்று குடியரசின் ஆயுதச்சாலையில் இருந்த பீரங்கிகளின் நிரல் இது. அலகில் உள்ளவை எண்களாகத் தோன்றினும் தொழிற்பாட்டில் பெயர்கள். ஒரு பீரங்கியாளர் தம் சுரிகையை உருவிக் காட்டும்போது, அதில் தாம் கற்றிருக்க வேண்டிய வகைகள் அனைத்தும் சிறியது முதல் பெரியது வரை வரிசையாக நிற்கின்றன. இவ்வாசிப்பில் கோடுகளின் இடைவெளி சரியாக இருப்பதும் இல்லாததும் பொறித்தவரின் கைத்திறனையும் அவர் பார்த்துப் படியெடுத்த மூலத்தையும் பொறுத்தது. உடையவரின் நேர்மையைப் பொறுத்ததன்று.

இது கருவிவாதத்தை முற்றிலும் தள்ளுவதன்று. கனமூலச் சோதனையில் தேறும் அலகு கிடைக்குமாயின், அதைக் கவராயத்தோடு சேர்த்துப் பயன்படுத்த முடியும் என்பதை ஏற்க வேண்டும். அவ்வலகின் 1 என்னும் கோடு 37, 43, 60 மில்லிமீட்டருள் எதை ஒட்டி நிற்கிறது என்பதிலிருந்து அது ஈயத்துக்கா, இரும்புக்கா, கல்லுக்கா என்பதையும் கூறலாம். மறுப்புக்கு உரியது, ஓர் அலகின் தகுதியை எல்லா அலகுகளுக்கும் ஏற்றிச் சொல்லும் பழக்கமே. அதே மறுப்பு, ஓர் அலகின் பொய்யை எல்லாவற்றுக்கும் ஏற்றும் போர்வைவாதத்துக்கும் உரியது.

விவரக்குறிப்பில் இடம்பெற வேண்டியவை

ஒரு சுரிகையைப் பதிவு செய்வோர் கூடுதலாகத் தர வேண்டியவை மிகச் சில. எண்கள் அனைத்தையும் விடுபடாமல் எழுத வேண்டும். நுனி நோக்கி எண்கள் ஏறுகின்றனவா, பிடி நோக்கியா என்பதைச் சொல்ல வேண்டும். சுழிக்கோடு தனியே பொறிக்கப்பட்டுள்ளதா என்பது முக்கியம். அது இருந்தால் நுனித் தேய்வு பற்றிய ஐயமே எழாது. அடுத்தடுத்த கோடுகளின் தொலைவை மில்லிமீட்டரில் தர வேண்டும். அலகின் அகலம் 5 மில்லிமீட்டராகும் இடம் நுனியிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதையும் குறித்தால் பற்றுவாய் வினாவும் தீர்ந்துவிடும். இவ்வளவுக்கும் தேவைப்படுவது ஒரு கோலும் சிறிது பொறுமையும்.

தமிழில் இப்பொருளைப் பெயரிடுவோர்க்கும் ஒன்று கூறலாம். 'அளவுச்சுரிகை' என்னும் மொழிபெயர்ப்பு இக்கட்டுரை எழுப்பிய வினா அனைத்தையும் விடையளிக்காமலே மூடிவிடுகிறது. 'குத்தூசி' வடிவத்துக்கு மிகப் பொருந்துமெனினும், சாக்குத் தைக்கும் ஊசியாகவே நம் வழக்கில் நிலைத்துவிட்டது. 'பீரங்கியாளர் சுரிகை' என்பது அது என்ன செய்தது என்று சொல்லாமல், யார் இடையில் இருந்தது என்பதை மட்டும் சொல்கிறது. எண்களின் இடைவெளி அளக்கப்படாதவரை அந்தப் பெயரே போதும்.